கடத்தலைப் பார்த்துச் சிரிக்கலாமா?

நலன் குமாரசாமியின் முதற்படமான ‘சூது கவ்வும்’ 2013 மே 1ஆம் திகதி திரைக்கு வந்தது. அதில் கதாநாயகன் ஓர் ஆட்கடத்தல்காரன். நேர்மையான அமைச்சர் ஒதுக்கப்படுகிறார். பொய் சொன்ன மகன் அவருடைய இடத்துக்கு வருகிறான். இத்தகைய படம் பத்து ஆண்டுகள் கடந்தும் ஏன் திரும்பத் திரும்பப் பார்க்கப்படுகிறது? விஜய் சேதுபதியின் நடிப்பு, சந்தோஷ் நாராயணனின் இசை, ‘காசு பணம்’ என்ற கானாப் பாட்டு என்று பலர் பதில் சொல்வார்கள். அவை உண்மைதான். ஆனால் நல்ல நடிப்பும் நல்ல பாட்டும் இருந்தும் மறக்கப்பட்ட படங்கள் ஏராளம். நாம் சிரிக்க வேண்டும் என்பதற்காக இந்தப் படத்தில் யாரும் கோமாளித்தனம் செய்வதில்லை. ஒவ்வொருவரும் தத்தம் காரியத்தை முழு மனதோடு செய்கிறார்கள். படத்தின் ஆயுள் அங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

தாஸ் என்ற அந்தக் கடத்தல்காரனுக்கு ஐந்து விதிகள் உண்டு. அதிகாரத்தில் உள்ளவர்கள் மேல் கை வைக்கக்கூடாது என்பது அவற்றில் முக்கியமானது. கேட்பதும் குடும்பத்தால் கொடுக்கக்கூடிய தொகைதான். அமைச்சர் மகனைக் கடத்தச் சம்மதித்து, தானே வகுத்த விதியை மீறும்போதுதான் அவனுக்கு வினை தொடங்குகிறது. அவனோடு எப்போதும் இருக்கும் ஷாலு அவன் கண்ணுக்கு மட்டுமே தெரிகிற கற்பனைப் பெண். கமராவோ அவளை எந்தப் புகைமூட்டமும் இல்லாமல், பக்கத்தில் இருக்கும் இன்னோர் ஆளாகவே காட்டுகிறது. கூட்டாளிகளில் ஒருவன் நடிகைக்குக் கோயில் கட்டி ஊரால் துரத்தப்பட்டவன். இன்னொருவன் வீண்பழியால் வேலை இழந்தவன். தங்கள் கதையை அவர்கள் வேலைக்கான நேர்முகத் தேர்வில் சொல்வதுபோல நிதானமாகச் சொல்கிறார்கள். கதைக்கு வெளியே தனியாக ஒட்டிவைத்த நகைச்சுவைப் பகுதி இதில் இல்லை. கதையின் ஓட்டமே சிரிப்பைத் தருவதால், பகிடி பழசாகிப் போவதில்லை.

இந்தப் படம் குற்றத்தைக் கொண்டாடுகிறது என்று சிலர் குறை சொல்வதுண்டு. அமைச்சர் ஞானோதயமாக எம். எஸ். பாஸ்கர் நடித்த விதமே அதற்கு மறுமொழி. அவருடைய நேர்மை கேலிக்கு உள்ளாவதில்லை; அந்த நேர்மையால் கட்சிக்கு என்ன லாபம் என்று கணக்குப் பார்ப்பவர்களே அம்பலப்படுகிறார்கள். நீதிமன்றத்தில் மகன் அருமைப்பிரகாசம் ‘இவர்கள் என்னைக் கடத்தியவர்கள் அல்ல’ என்று சாட்சி சொல்லும்போது நாம் சிரிக்கிறோம். ஒரு நல்ல மனிதரின் உழைப்பு வீணாவதையும் அதே கணத்தில் உணர்கிறோம். படத்தின் பெயர் பாரதியின் ‘பாஞ்சாலி சபதத்தில்’ இருந்து வந்தது. தருமம் திரும்பவும் வெல்லும் என்ற நம்பிக்கையைப் பாரதி அங்கே தருகிறார். படம் அந்த ஆறுதலைத் தரவில்லை. தீர்ப்பை நம் கையில் விட்டுவிடுகிறது.

இதைவிடக் கனமான ஆட்சேபம் நமது மண்ணில் இருந்தே எழும். ஆட்களைக் கடத்திச் சென்ற வெள்ளை வான் என்ற சொல்லைக் கேட்டாலே நெஞ்சு பதைத்த ஊர்கள் இவை. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் 2017 பெப்ரவரி 20 அன்று தொடங்கிய போராட்டத்துக்கு ஆண்டுகள் பல கழிந்தும் விடை வரவில்லை. இங்கே கடத்தல் சிரிப்புக்குரிய விடயமா? இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. அந்தத் தாய்மாரிடம் இந்தப் படத்தைப் பார்த்துச் சிரியுங்கள் என்று கேட்க எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் படம் யாரைப் பார்த்துச் சிரிக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். பிள்ளையைத் தேடும் வீட்டாரின் கண்ணீரை அது பகிடி பண்ணவில்லை. படத்தில் நம்மை உண்மையாகவே நடுங்கவைப்பவர் பிரம்மா என்ற பொலிஸ் அதிகாரி. அதிகம் பேசமாட்டார், விசாரணை, வழக்கு, நீதிமன்றம் எதையும் மதிக்கமாட்டார். தாஸுக்காவது விதிகள் உண்டு, சட்டத்தின் உடுப்புப் போட்ட இவருக்கு ஒன்றுமே இல்லை. கடைசியில் அவருடைய துப்பாக்கியே அவரைச் சுடுகிறது. கட்டுப்பாடற்ற அதிகாரத்தை இப்படிச் சிறுமைப்படுத்தும் சிரிப்பு, அதனால் அடிபட்ட சனத்துக்கு எதிரானதல்ல.

வெறும் புதுமைதான் படத்தைத் தூக்கி நிறுத்தியது என்பாரும் உண்டு. அப்படியானால் 2024 டிசம்பரில் வேறொரு இயக்குநரின் கையில் வந்த இரண்டாம் பாகமும் அதே வரவேற்பைப் பெற்றிருக்க வேண்டும்; பெறவில்லை. விசித்திரத்தை எவரும் கடன் வாங்கலாம். அதற்குப் பின்னால் இருக்கும் ஒழுங்கை உழைத்துத்தான் பெற வேண்டும். நலன் குமாரசாமி ‘நாளைய இயக்குநர்’ தொலைக்காட்சிப் போட்டியில் குறும்படம் எடுத்துக் கைதேர்ந்தவர். வன்னியில் கைத்தொலைபேசியிலும் சிறிய கமராவிலும் குறும்படம் எடுக்கும் தம்பி தங்கைகளே, இந்தப் படத்தின் வசனத்தையோ நடையுடையையோ பின்பற்ற வேண்டாம். உங்கள் பாத்திரங்கள் தங்கள் காரியத்தை உண்மையாக நம்பட்டும். சிரிப்பு யார்மேல் விழுகிறது என்பதை எழுதும்போதே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.