கேட்டை மூடினால் கணக்கு முடிந்துவிடாது



கப்பலூரிலிருந்தும் புதூரிலிருந்தும் ஷிப்ட் முடித்து வந்திருக்கிறீர்கள். சிலர் ஷிப்டே இல்லாமல் வந்திருக்கிறீர்கள். அவர்களுக்காகத்தான் இந்தக் கூட்டம்.

ஆளை அனுப்புகிற முதலாளி இப்போது சண்டை போடுவதில்லை, திட்டுவதுமில்லை. பேசாமல் இருந்துவிடுகிறார். போன் அடித்தால் எடுப்பதில்லை. நேரே போனால், "மொதலாளி ஊர்ல இல்ல, அடுத்த வாரம் வாங்க" என்கிறார் வாட்ச்மேன். பாவம், அவர் வேலையே அடுத்த வாரம் இருக்குமோ என்னவோ! இப்படி நாலைந்து வாரம் இழுத்த பிறகு மேனேஜர் கூப்பிடுவார்: "ராஜினாமா எழுதிக் குடுங்க, இருபதாயிரம் வாங்கித் தர்றேன்." வாடகை பாக்கி, பிள்ளைக்கு ஃபீஸ் பாக்கி. கையெழுத்துப் போடுகிறோம். அந்த ஒரு கையெழுத்துக்காகத்தான் அத்தனை மௌனமும்!

அந்த இருபதாயிரத்துக்கு எதை விட்டுக்கொடுக்கிறோம்? கணக்குப் போடுவோம். 12 வருடம் 7 மாதம் வேலை பார்த்தவர். அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்து மாதம் 16,000 ரூபாய். ஆறு மாதத்துக்கு மேல் போனால் முழு வருடக் கணக்கு, ஆக 13 வருடம். வருடத்துக்கு 15 நாள் சம்பளம் வீதம் ஆட்குறைப்பு இழப்பீடு 1,04,000. முன்னறிவிப்புக்குப் பதிலாக ஒரு மாதச் சம்பளம் 16,000. கிராஜுவிட்டி 1,20,000. மொத்தம் 2,40,000! பி.எஃப். இதில் சேரவில்லை.

பின்னாலிருந்து ஒரு தம்பி கேட்கிறார், முப்பது பேர் பட்டறைக்கு இதெல்லாம் உண்டா என்று. உண்டு தம்பி. வருடத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தால் போதும், ஆட்குறைப்பு இழப்பீடு உண்டு. யாரும் தானமாகக் கொடுத்ததல்ல இது. பஞ்சாலைகளில் சரக்குத் தேங்கி ஆட்களை வெளியே நிறுத்தத் துணிந்தபோது, 1953-ல் 1947-ஆம் வருடத் தொழில் தகராறுச் சட்டத்துக்குள் வந்த உரிமை.

இன்னொன்று, இதுதான் முக்கியம். பணத்தை அனுப்பும்போதே கொடுக்க வேண்டும். கொடுக்காமல் அனுப்பினால் அந்த ஆட்குறைப்பே செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1960-லேயே பம்பாய் மருத்துவமனைத் தொழிலாளர் வழக்கில் சொல்லிவிட்டது. நாம் கேட் வாசலில் கும்பிட்டு நிற்கிறோம். சட்டப்படி பதில் சொல்ல வேண்டியவர் முதலாளி! இப்போதெல்லாம் நீதிமன்றங்கள் மறுபடி வேலை கொடுக்கச் சொல்வதைவிட ஒரு தொகையைக் கொடுக்கச் சொல்வதுதான் அதிகம். அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மதுரைக்காரனுக்கு இதில் தனிப் பாத்தியதை உண்டு. நம் மீனாட்சி மில் தொழிலாளர் வழக்கில்தான், பெரிய ஆலைகளில் அரசு அனுமதி இல்லாமல் ஆட்குறைக்கக் கூடாது என்ற 25-என் பிரிவு அரசியல் சட்டப்படி செல்லும் என்று 1992-ல் தீர்ப்பு வந்தது. நாட்டுக்கே பொருந்திய தீர்ப்பு! 1976-ல் அந்தப் பாதுகாப்பு வந்தபோது வரம்பு 300 பேர். பிறகு 100 ஆகக் குறைத்தார்கள். 2025 நவம்பர் 21-ல் நடப்புக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு மறுபடி 300 ஆக்கிவிட்டது. இதற்குப் பெயர் சீர்திருத்தமாம்! கப்பலூரில் 300 பேர் வேலை பார்க்கிற கம்பெனி எத்தனை, விரல் விட்டுச் சொல்லுங்கள் பார்ப்போம்.

"கேஸ் போட்டா காலம் போயிரும்" என்பார்கள். போடாவிட்டாலும் காலம் போகிறது ஐயா, அதுவும் முதலாளி பக்கமாக! தாவா எழுப்ப முன்பு 3 வருடம் இருந்தது, புதிய தொகுப்பில் 2 வருடம்தான். முதலில் கணக்கெழுதி, ஒப்புகையோடு தபால் அனுப்புங்கள். வாங்க மறுத்துத் திரும்பி வந்தால் கவரைப் பிரிக்காதீர்கள், அதுவே சாட்சி. அடுத்தது சமரச அலுவலரிடம் மனு. 45 நாளில் முடியாவிட்டால் நேரே தீர்ப்பாயம் போகலாம். தீர்ப்பு வந்தும் தராவிட்டால், கலெக்டர் மூலம் நிலவரி பாக்கியைப் போல வசூலிக்க வழியிருக்கிறது. அப்போது எடுக்காத போனை எடுப்பார்!

மேடைக்கு இடது பக்கம் மேஜை போட்டிருக்கிறோம். மனு எழுத வக்கீல் தோழர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். சம்பளச் சீட்டு, இ.எஸ்.ஐ. கார்டு, பி.எஃப். நம்பர் எது இருந்தாலும் எடுத்துக்கொண்டு வாருங்கள். எதுவுமே இல்லாதவர்கள், கூட வேலை பார்த்த இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். ராஜினாமாத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கிறவர்கள் முதலில் வாருங்கள்.