திரும்பி வரும் தேதி

குழந்தை பிறந்துவிட்டால் அப்புறம் எங்கே போவது? இப்படி நினைத்து, எட்டாம் மாதக் கடைசியில் ஒரு தம்பதி அந்தமானுக்கு விமான டிக்கெட் போடுகிறார்கள் என்று வையுங்கள். போகலாமா? சிக்கல் இல்லாத கர்ப்பம், டாக்டரும் சரி என்கிறார். போகலாம். ஆனால் திரும்பி வரும் தேதியைப் பாருங்கள்.

பல விமான நிறுவனங்கள் 36 வாரம் தாண்டினால் ஏற்றுவதில்லை. வயிற்றில் இரட்டை என்றால் இன்னும் முன்பே நிறுத்திவிடுவார்கள். கடைசி வாரங்களில் டாக்டர் சான்றிதழும் கேட்பார்கள். 35 வாரம் முடிந்தபின் போய், பத்து நாள் தங்கினால்? போகும்போது ஏற்றியவர்கள், வரும்போது ஏற்றமாட்டார்கள். பறப்பது கெடுதல் என்பதால் அல்ல. நடுவானில் வலி கண்டால் அங்கே பிரசவ அறை இல்லையே! கப்பலில் வரலாம் என்றால், சென்னைக்கு இரண்டு மூன்று நாள். அது இன்னும் வம்பு.

அதனால் திரும்பும் தேதிக்கு எத்தனை வாரம் என்று எண்ணுங்கள். விதி நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். டிக்கெட் போடுமுன் கேளுங்கள். சீட் பெல்ட்டை வயிற்றுக்குக் கீழே போடுங்கள். காலில் ரத்தம் கட்டாமலிருக்க அவ்வப்போது எழுந்து நடங்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டெல்லாம் கைப்பையில் இருக்கட்டும். பெட்டியில் வைத்தால் அது சரக்கோடு போய்விடும்.