குடிமதிப்பேடும் 'பெயரன்' என்னும் சொல்லும்

(பொருநைக் கரையில் நிகழ்ந்த தமிழன்பர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



சின்னாள்களுக்கு முன் என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் ஒரு தாள்படியோடு என் இல்லத்திற்கு வந்தார். அவர்தம் பாட்டனாரின் தந்தையார் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திற்குச் சென்றவர். அக்காலப் பதிவொன்றின் படி அது. 'தின்னவெல்லி', 'வெலன்' என ஆங்கிலத்தில் இரண்டு சொற்களே தெளிவாக இருந்தன. "ஐயா, வெலன் என்பது வேளாளர்தானே? நாங்கள் பெரிய நிலக்கிழார் வழியினர் என்று வீட்டில் எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள்" என்றார். "பொறுங்கள் தம்பி, அந்த ஆங்கில எழுத்துக்குள் வேலனும் இருக்கலாம், வேளானும் இருக்கலாம், லகரத்தையும் ளகரத்தையும் ஒன்றாக்கிய கை அது" என்றேன். அன்று அவரோடு பேசியதையே இன்று உங்கள்முன் விரித்துரைக்க விழைகின்றேன்.

பழைய குடிமதிப்பேட்டைப் புரட்டினால் பாட்டன் பூட்டன் பெயர் கிடைக்கும் எனப் பலர் நம்புகின்றனர். கிடைக்காது. சென்னை மாகாணத்தில் 1851-52 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தலைக்கணக்கு எடுத்தார்கள். 1871-இல் முழுமையான குடிமதிப்பு நடந்தது. அதன் அறிக்கையைக் கார்னிசு எழுதினார். பின்னர்ப் பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கப்பெற்றது. அச்சேறிய அவ்வேடுகளில் ஊர், குலம், சமயம், தொழில் என்னும் தொகைகளே உள, ஆட்பெயர் இல்லை. வீடுதோறும் சென்று எழுதிய தாள்கள் நமக்குக் கிட்டுவதில்லை. ஆங்கிலத்தில் அச்சிட்ட தொகை மட்டும் நின்றது. 1948-ஆம் ஆண்டுக் குடிமதிப்புச் சட்டமும் அத்தகைய தாள்களை எவரும் பார்வையிடவோ வழக்கில் சான்றாகக் காட்டவோ இடந்தரவில்லை.

ஆட்பெயர் வேண்டுவோர் திருமுழுக்குப் பதிவேடுகளையும், நிலவரிப் பதிவேடுகளையும், கடல்கடந்தார் பட்டியல்களையும் நாட வேண்டும். 1860 நவம்பரில் முதற்கப்பல் சென்னையிலிருந்து நேட்டாலை அடைந்தது. அது தொடங்கி எழுதப்பெற்ற பட்டியல்களில் ஆளின் பெயர், தந்தை பெயர், ஊர், குலம் எல்லாம் உண்டு. ஆயினும் நம்மவர் வாய்திறந்து சொன்னதை அயலான் செவி கேட்டவாறு எழுதிய எழுத்தே அது. ஆதலின் முடிச்சுகள் பல. அவற்றுள் நான்கைக் காண்போம்.

முதல் முடிச்சு ஊர். ஆங்கிலத்தில் 'தின்னவெல்லி' என்று கண்டவுடன் நம் நெல்லை என்று துணிதல் ஆகாது. யாழ்ப்பாணத்திலும் திருநெல்வேலி உண்டு. அதனையும் ஆங்கிலத்தில் ஏறத்தாழ அவ்வாறே எழுதினர். மாவட்ட எல்லையும் மாறியது. சாத்தூர், திருவில்லிபுத்தூர் வட்டங்கள் 1910-இல் நெல்லையினின்று பிரிந்து இராமநாதபுர மாவட்டம் சேர்ந்தன. செங்கோட்டை 1.11.1956 வரை முதலில் திருவாங்கூரையும் பின்னர்த் திருவாங்கூர்-கொச்சியையும் சேர்ந்த பகுதி. அவ்வூரார் திருவாங்கூர்க் குடிமதிப்பையே தேட வேண்டும். தூத்துக்குடி 1986-இலும், தென்காசி 2019-இலும் தனி மாவட்டங்கள் ஆயின. ஆண்டை நோக்காது மாவட்டத்தை நோக்கினால் ஊரே காணாமற்போகும்.

இரண்டாம் முடிச்சு குலப்பெயர். நாடார் என்னும் பெயரை 1911-ஆம் ஆண்டு ஏட்டின் குலப்பட்டியலில் தேடுவார் ஏமாறுவர். அம்மக்கள் வெறுத்த பழம்பெயரே ஆங்கு உண்டு. அவர்கள் நெடுநாள் போராடிய பின்னரே 1921-இல் அரசு நாடார் என எழுத ஆணையிட்டது. நம் காலத்தில், 2021-இல், ஏழு பெயர்கள் ஒன்றாகித் தேவேந்திரகுல வேளாளர் என்று சட்டம் ஏற்றது. ஆட்கள் மாறவில்லை, அவர்களை அழைத்த பெயர்தான் மாறியது. மேலும், பிள்ளை என்பது பல குலத்தார்க்கும் உரிய பட்டம். பட்டத்தைக் குலமாகக் கொண்டால் வழி தவறும். ஏட்டில் குலப்பெருமை தேடப் புறப்பட்டவர் பாட்டனைக் காணமாட்டார். தம் விருப்பத்தையே காண்பார்.

மூன்றாம் முடிச்சு அகவை. பிறந்த நாளை எழுதிவைக்காத மக்கள் முப்பது, நாற்பது என்று உத்தேசமாகக் கூறினர். அதனால் சுழியிலும் ஐந்திலும் முடியும் அகவைகள் பழைய ஏடுகளில் மலிந்துள்ளன. நாற்பது என்றிருந்தால் முப்பத்தாறும் இருக்கலாம், நாற்பத்து நான்கும் இருக்கலாம்.

நான்காம் முடிச்சு நாமே போட்டுக்கொண்டது. அதுதான் தலைப்பெழுத்து. ஆங்கிலத்தில் 'எசு' என்று ஓரெழுத்து இட்டால் சங்கரனா, சுடலைமுத்தா, செல்லையாவா, சொக்கலிங்கமா என எவர் அறிவார்? தமிழில் ச, சு, செ, சொ என எழுதினால் நான்கு தந்தையரும் நான்கு தனி மாந்தராய் நிற்பர். தந்தை பெயரையே மறைக்கும் எழுத்தைத் தலைமேல் சூடுவது என்ன அறிவுடைமை?

இம்முடிச்சுகளை அவிழ்க்கும் திறவுகோல் தமிழிலேயே உளது. மகன்வயிற்று மகனைப் பேரன் என்கிறோம். அது பெயரன் என்பதன் மரூஉ. பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்பது பொருள். பெயர்த்தியும் அவ்வாறே. ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை பெயர் மீளும் வழக்கத்தை நம் மொழி ஒரு சொல்லுக்குள் பொதிந்து வைத்துள்ளது. இதைத்தான் அந்த மாணவரிடம் சொல்லி, "வீட்டில் மூத்தவர் எவரேனும் உளரா?" என்றேன். அவருக்கு ஓர் அத்தைப்பாட்டி. அகவை எண்பதுக்கு மேல். பெயர் வேலம்மாள். "ஏன் அந்தப் பெயர் பாட்டி?" என்று போய்க் கேட்டிருக்கிறார். "கொழும்புக்குப் போன எங்க தாத்தா பேரு வேலன். அவர் திரும்பி வரவே இல்ல. அவர் பேரு வீட்டுல இருக்கணும்னு எனக்கு வச்சாங்க" என்றாராம் அம்மூதாட்டி. ஐயத்திற்கு இடமாய் நின்ற ஆங்கிலச் சொல் முருகன் பெயராய் மலர்ந்தது. நிலக்கிழார் மறைந்தார், தேயிலைக் காட்டில் உழைத்து மாண்ட வேலன் வீடு திரும்பினார். என்னிடம் இதைச் சொன்னபோது அம்மாணவரின் கண் கலங்கியிருந்தது.

அன்பர்களே, 2025 சூன் திங்களில் வெளியான அறிவிக்கை, அடுத்த குடிமதிப்பின் கணக்கு நாளை 1.3.2027 என்று வரையறுத்துள்ளது. குலமும் அதில் கேட்கப்படும். தாய்மொழி கேட்கையில் தமிழர் தமிழ் எனத் தெளிவாய்ச் சொல்லுங்கள். பெயரை முழுமையாய்ச் சொல்லி, எழுதியதைப் படித்துக்காட்டச் செய்யுங்கள். உயர்த்தியும் சொல்லாதீர், ஒளித்தும் சொல்லாதீர். அதனினும் முதன்மையாக, இன்றிரவே வீட்டு மூத்தோரிடம் அமர்ந்து, நான்கு தலைமுறைப் பெயரையும் ஊரையும் தொழிலையும் தமிழில் ஒரு சுவடியில் எழுதுங்கள். அரசின் ஏடு நம்மை எண்ணும். நம் பெயரை நாம்தான் காக்க வேண்டும்.