சர்வர் அறையில் சிக்கனம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

இலக்கியம் மணக்கும் இம்மேடையில், இரயில்வே எழுத்தராகிய யாம் மின்சாரக் கணக்கைப் பேச வந்திருப்பது சிலர்க்கு வியப்பளிக்கலாம். நம் பிள்ளைகள் பலர் இன்று இந்த நாகபுரியில் சொந்தத் தொழில் நடத்துகின்றனர்; பலர் அத்தகைய சிறு நிறுவனங்களில் ஊழியம் புரிகின்றனர். லாரி புக்கிங் ஆயினும், மருந்து மொத்த வாணிகம் ஆயினும், அலுவலகத்தின் பின்னறையில் அல்லும் பகலும் ஓடும் கணிப்பொறிகள் சில உள. அவற்றையே சர்வர் என்பர்.

சர்வர் என்றதும் நம்மவர்க்குக் காபி ஹோட்டலே நினைவுக்கு வரும். அதுவும் பொருத்தமே. அங்கே கேட்டவர்க்குக் கேட்ட பலகாரம். இங்கே கேட்டவர்க்குக் கேட்ட கணக்கு. ஆனால் ஹோட்டல் சர்வர் இரவில் உறங்குவார், இது உறங்குவதில்லை. கேட்பார் எவருமில்லாத வேளையிலும் மின்சாரத்தை உண்டுகொண்டே நிற்கும். கூகுள் நிறுவனப் பொறியாளர்களான பரோசோ, ஹோல்ஸ்லே இருவரும் 2007-இல் எழுதிய கட்டுரையில், சிக்கனமான சர்வர்கூடச் சும்மா இருக்கையில் தன் உச்ச அளவில் ஏறக்குறைய பாதி மின்சாரத்தைச் செலவிடுகிறது என்று காட்டினர். பின்வந்த இயந்திரங்கள் திருந்தியுள்ளன. எனினும் அக்குறை முற்றும் தீரவில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒன்றுக்கு 200 வாட் வீதம் நான்கு சர்வர்கள் ஆண்டு முழுதும் ஓடினால் 7,008 யூனிட் ஆகும். அம்மின்சாரம் அத்தனையும் வெப்பமாக மாறுகிறது. அதனை வெளியேற்றும் குளிர்சாதனத்திற்கு மூன்றில் ஒரு பங்கு எனக் கொண்டால், மேலும் 2,336 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்றால் மொத்தம் ஏறத்தாழ 75,000 ரூபாய். செலவு மிகும்போது முதலாளி முதலில் குறைப்பது யாரை? கடைசியாகச் சேர்ந்த பையனை அன்றோ? ஆதலின் இஃது இயந்திரத்தின் கதை மட்டுமன்று. நம் வீட்டு அடுப்பின் கதையுமாகும்.

இனிச் செய்யத்தக்கன யாவை?

முதலாவது, அளத்தல். சர்வருக்கும் குளிர்சாதனத்திற்கும் தனித்தனி மீட்டர் வைத்து, ஒரு மாதம் நாள்தோறும் பேரேட்டில் குறித்து வருக.

இரண்டாவது, பயனற்றதை நிறுத்தல். பழைய மென்பொருளுக்காக வாங்கிய பெட்டி, அம்மென்பொருள் போன பின்னும் ஓடிக்கொண்டிருப்பதுண்டு. ஆயினும் அவசரம் கூடாது. மாத முடிவிலும் ஜி.எஸ்.டி. கணக்கு அனுப்பும் நாளிலும் அதனை எவரேனும் நாடுகின்றனரா எனப் பார்த்து, படியெடுத்து வைத்த பின்னரே நிறுத்துதல் வேண்டும்.

மூன்றாவது, ஒன்றாக்குதல். நான்கு இரயில்களில் பெட்டிக்கு நால்வராக அனுப்புவதினும், ஒரே இரயிலில் அனைவரையும் ஏற்றுவது சிக்கனம். அவ்வாறே ஒரு வலிய சர்வருக்குள் நான்கு சர்வர்களின் வேலையைத் தனித்தனியே நடத்தலாம். இதனை வர்ச்சுவலைசேஷன் என்பர். அது 300 வாட் கொள்வதாயினும், மேற்கண்ட கணக்கின்படி ஆண்டுச் செலவு 28,000 ரூபாய் அளவில் அடங்கும். ஆனால் எல்லாம் ஒரே இயந்திரத்தை நம்பியிருத்தலால், மாற்று இயந்திரம் ஒன்றை அணைத்து வைத்திருத்தலும், நாள்தோறும் தகவலைப் படியெடுத்தலும் இன்றியமையாதன.

நான்காவது, குளிரில் நிதானம். சர்வர் அறை பனிமலைபோல் இருத்தல் வேண்டும் என்பது பழைய எண்ணம். ஆஷ்ரே எனும் அமெரிக்கப் பொறியாளர் சங்கம் 2008-இல் செய்த பரிந்துரைப்படி, சர்வரின் முகப்பில் நுழையும் காற்று 18 முதல் 27 டிகிரி வரை இருக்கலாம். அளக்க வேண்டிய இடமும் அம்முகப்பே, வாயிற்படி அன்று. பின்புறம் வெளிவரும் வெப்பக் காற்று சுற்றி முகப்பிற்கே திரும்பாதவாறு, ராக்கின் வெற்றிடங்களைத் தகடு கொண்டு மூடுக. தூசி வடிகட்டியைத் தூய்மை செய்க. 45 டிகிரி கொளுத்தும் நம்மூர் மே மாதத்தில், மேற்கு வெயில் படும் சன்னலுக்குத் திரையிடுதலும் பெரும்பணியே.

ஐந்தாவது, யு.பி.எஸ். பாட்டரி. சர்வர் பொறுக்கும் வெப்பத்தை ஈய பாட்டரி பொறுக்காது. 25 டிகிரிக்கு மேல் செல்லச் செல்ல அதன் ஆயுள் குறையும். இயலுமாயின் அதனை வேறொரு குளிர்ந்த அறையில் வைத்தல் நலம். தேவைக்குப் பன்மடங்கு பெரிய யு.பி.எஸ். வாங்குதலும் வீண், குறைந்த சுமையில் அதன் திறன் குன்றும்.

அன்பர்களே! இவற்றுள் முதலிரண்டிற்கும் பெரும்பணம் வேண்டுவதில்லை. பேரேடும் பொறுமையும் போதும். அவை நம்மவர்க்குப் பழக்கமானவையே. நாளை அலுவலகம் செல்லும் இளைஞர் ஒவ்வொருவரும் பின்னறைக் கதவைத் திறந்து, “இவற்றுள் எது, எவர்க்காக ஓடுகிறது?” என்று கேட்பாராயின், இவ்வுரை பயன் பெற்றதாகும். 

வாழ்க தமிழ்! வளர்க சங்கம்!