தாத்தா முகம் ஏன் ஷார்ப்பா வரல? ஆட்டோஃபோகஸும் அப்பர்ச்சரும்

அனகாபுத்தூர்ல எங்க வீட்டு மாடி ரூம்ல இருந்து பேசுறேன். நடுவுல விமான சத்தம் கேட்டா மன்னிச்சுக்கோங்க. மீனம்பாக்கம் ஏர்போர்ட் பக்கத்துலயே இருக்கு, எவ்வளவு எடிட் பண்ணாலும் அது போகாது.

இன்னைக்கு டாபிக் கொஞ்சம் டெக்னிக்கல். ஆனா எனக்கு இது ஒரு நாள்ல இருந்து ஆரம்பிச்சது. எங்க ஊர் நெசவாளர் ஊர். ஒரு காலத்துல இங்க நெய்த ரியல் மெட்ராஸ் கர்ச்சீஃப் துணி நைஜீரியா வரைக்கும் போச்சு. அப்புறம் அந்த வியாபாரம் நின்னு, சில பேர் வாழைநார்ல புடவை நெய்ய ஆரம்பிச்சாங்க. எங்க தாத்தாவும் தறிக்காரர்தான். முழங்கால் வலி தாங்காம, தறியை வித்துடலாம்னு முடிவு பண்ணிட்டாரு. அவர் நெய்யுற கடைசிப் புடவையை போட்டோ எடுக்க நான் கேமராவோட உட்கார்ந்தேன்.

ரூம்ல ஒரே ஒரு டியூப்லைட். தாத்தா முகமும் வேணும், முன்னாடி ஓடுற பாவு நூலும் தெளிவா வேணும். அதனால எஃப் 8 வெச்சேன், ஷட்டர் 1/60, ஐஎஸ்ஓ 12800. பட்டனை பாதி அழுத்தினா லென்ஸ் முன்னும் பின்னும் போய் தடவிக்கிட்டே இருக்கு. "என்னடா, உன் மிஷினு இப்படி திண்டாடுது?"ன்னு தாத்தா சிரிச்சாரு. "ஒரு நிமிஷம் கையை நிறுத்துங்க தாத்தா"ன்னேன். "கை நின்னா தறி நின்னுடும்டா"ன்னு சொல்லிட்டு நாடாவை விட்டுக்கிட்டே இருந்தாரு.

மொத்தம் 43 படம். முகம் ஷார்ப்பா இருந்தது 4. மத்ததுல எல்லாம் பின்னாடி சுவர்தான் அழகா விழுந்திருந்தது. கேமரா எந்த கம்பெனின்னு சொல்லப்போறதில்லை, ஏன்னா தப்பு என்னோடது. ஒரு செட்டிங் என்ன வேலை செய்யுதுன்னே தெரியாம போயிருக்கேன்.

சரி, உள்ள என்ன நடந்தது? பழைய டிஎஸ்எல்ஆர்ல நீங்க எஃப் 8 வெச்சாலும், ஃபோகஸ் பண்ணும்போது லென்ஸ் முழுசா திறந்துதான் இருக்கும். கிளிக் பண்ற அந்த நொடியில மட்டும் பிளேடு மூடும். ஃபோகஸ் பார்க்க கண்ணாடிக்குக் கீழ தனி சென்சார் இருந்தது.

மிரர்லெஸ்ல கண்ணாடியே கிடையாது. படம் எடுக்குற சென்சார்தான் ஃபோகஸும் பார்க்கணும், வியூஃபைண்டருக்கு லைவா படமும் காட்டணும். எஃப் 8-ல படம் எப்படி வரும்னு அப்படியே காட்டணும்னா, பிளேடை எஃப் 8-க்கே மூடி வெச்சாகணும். என் கேமரா அன்னைக்கு அதைத்தான் பண்ணிட்டு இருந்தது.

கணக்கு போடுங்க. 50 எம்எம் லென்ஸ், எஃப் 2-ல துளை 25 எம்எம். எஃப் 8-ல சுமார் 6 எம்எம். உள்ள வர்ற வெளிச்சம் 16-ல ஒரு பங்கு. அது மட்டும் இல்ல. ஃபேஸ் டிடெக்‌ஷன்ங்கிறது லென்ஸோட இடது ஓரத்துல இருந்தும் வலது ஓரத்துல இருந்தும் வர்ற ரெண்டு படத்துக்கு நடுவுல எவ்வளவு விலகல்னு பார்க்கிறது. ஒரு கண்ணை மூடி, இன்னொரு கண்ணைத் திறந்து மாத்தி மாத்தி விரலைப் பாருங்க, விரல் நகருதுல்ல? அதேதான். துளை சின்னதானா ரெண்டு "கண்ணும்" ஒண்ணுக்கொண்ணு கிட்ட வந்துடும், விலகல் குறையும். வெளிச்சமும் கம்மி, விலகலும் கம்மின்னா கேமரா எதை நம்பும்?

அப்போ எப்பவும் திறந்தே ஃபோகஸ் பண்ணிடலாமேன்னு கேட்கலாம். அதுலயும் சிக்கல் இருக்கு. சில வேகமான லென்ஸ்ல, திறந்து ஃபோகஸ் பண்ணிட்டு ரெண்டு ஸ்டாப் மூடினா, ஃபோகஸ் விழுற இடமே கொஞ்சம் தள்ளிப் போகும். இதுக்கு ஃபோகஸ் ஷிஃப்ட்னு பேரு. ஸ்ஃபெரிகல் அபரேஷன்தான் காரணம். எடுக்கப்போற அப்பர்ச்சர்லயே ஃபோகஸ் பண்ணா இந்தப் பிரச்சனை இல்ல. பிளேடு திறந்து மூடுற நேரமும் மிச்சம், வீடியோவுல டிக் டிக் சத்தமும் வராது.

அதனால ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு வழியில போகுது. கேனான் ஆர் வரிசை பொதுவா திறந்து வெச்சே ஃபோகஸ் பண்ணும். நிக்கான் இசட் நடுவுல நிக்குது: எஃப் 5.6 வரைக்கும் நீங்க வெச்ச அப்பர்ச்சர்லயே பார்க்கும், நீங்க எஃப் 11 வெச்சாலும் ஃபோகஸ் நேரத்துல 5.6-ஐ தாண்டி மூடாது. சோனி பொதுவா மூடி வெச்சுப் பார்க்கும். ஆனா 2021-ல வந்த ஆல்ஃபா 1 மாதிரி பாடில ஃபோகஸுக்கு முன்னுரிமையா, சத்தமில்லாம இருக்கிறதுக்கு முன்னுரிமையான்னு நீங்களே தேர்ந்தெடுக்கலாம்.

உங்க கேமரா எந்த ரகம்? மேனுவல் தேட வேண்டாம். அப்பர்ச்சர் பிரையாரிட்டில எஃப் 11 வைங்க. லென்ஸை உங்க பக்கம் திருப்பி, டார்ச் அடிச்சு உள்ள பாருங்க. பட்டனை பாதி அழுத்தும்போது பிளேடு திறக்குதா, மூடியே இருக்குதான்னு கண்ணுலயே தெரியும். மூடியே இருந்தா, இருட்டு ரூம்ல ரெண்டு வழி: லைவ் வியூ எஃபெக்ட் செட்டிங்கை ஆஃப் பண்ணிட்டு மறுபடி டெஸ்ட் பண்ணுங்க. அப்பவும் திறக்கலன்னா, எஃப் 2-ல ஃபோகஸ் பண்ணி, மேனுவலுக்கு மாத்தி, அப்புறம் எஃப் 8-க்கு வாங்க.

தறி போன அப்புறம் அதே ரூம்ல, அதே டியூப்லைட்ல, ஸ்டூல் மேல தாத்தாவோட துண்டைப் போட்டு இதை டெஸ்ட் பண்ணேன். ரெண்டாவது வழில பத்துக்குப் பத்தும் ஷார்ப். பார்த்துட்டு சந்தோஷப்படுறதா அழுறதான்னு தெரியல. துண்டு அசையாம கிடந்தது, தறி இல்ல.

அந்த 4 படத்துல ஒண்ணு இப்போ ஹால்ல மாட்டியிருக்கு. அதுல தாத்தா கை மங்கலா, ஓடிட்டு இருக்கிற மாதிரியே விழுந்திருக்கு. "கை நிக்கலல்ல, அது போதும்டா"ன்னு சொல்லிட்டாரு.

திரும்ப வராத ஒரு நாளுக்கு கேமரா எடுத்துட்டுப் போறதுக்கு முன்னாடி, அந்த டார்ச் டெஸ்ட்டை வீட்டுல பண்ணிடுங்க. ஒரே நிமிஷ வேலை. உங்க கேமரா என்ன பண்ணுச்சுன்னு எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.