சாவிக்கொத்து நர்சின் கையில். அதிகாரம் யார் கையில்?

(மில் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் குடும்பத்தோடு கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)



மில்லில் மூன்றாம் ஷிப்ட் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மானேஜர் வீட்டில் தூங்குவார். ஆபீஸ் பூட்டியிருக்கும். ஆள் குறைந்தால் அந்த நேரத்தில் கேட்க நாதி கிடையாது. ஆனால் விடிந்ததும் கேள்வி மட்டும் வரும்: “ராத்திரி பொறுப்பில் இருந்தது யார்?”

இன்று நான் பேசப்போவது நூல் ஓடும் மில்லைப் பற்றியல்ல. படுக்கையில் கிடக்கும் முதியோரை வைத்துப் பார்க்கும் காப்பகங்களைப் பற்றி. அங்கே இரவு ஷிப்டைப் பொறுப்பேற்று நடத்தும் புதிய நர்சைப் பற்றி. நம் வீட்டுப் பெண்கள் கடன் வாங்கி நர்சிங் படிக்கிறார்கள். நாளை அவர்களில் ஒருத்தி கையில் ஒரு சாவிக்கொத்தைக் கொடுத்து, “இன்றிரவு நீதான் இன்சார்ஜ்” என்று சொல்வார்கள். அந்தச் சாவிக்கொத்தோடு என்னென்ன சேர்ந்து வருகிறது என்று அவளுக்கும் தெரியவேண்டும், உங்களுக்கும் தெரியவேண்டும்.

இதற்கு அமெரிக்காவை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். அங்கே இது பெரிய வியாபாரம். சுமார் 15 ஆயிரம் காப்பகங்கள். அவற்றில் சுமார் 12 லட்சம் பேர். பத்துக்கு ஏழு காப்பகங்கள் லாபத்துக்காக நடத்தப்படுபவை. 1965ல் அந்நாட்டு சர்க்கார் ‘மெடிகேர்’, ‘மெடிகெய்ட்’ என்ற இரண்டு திட்டங்களைக் கொண்டுவந்தது. அன்று முதல் இந்தக் காப்பகங்களின் வருமானத்தில் பெரும்பகுதி பொதுஜனங்களின் வரிப்பணத்திலிருந்தே போகிறது. கேரளத்திலிருந்தும் பிலிப்பைன்ஸ் தீவுகளிலிருந்தும் போன நர்சுகள் அங்கே ஏராளமாக உழைக்கிறார்கள். அங்கே நடந்த வழக்குகளின் தீர்ப்புகள் அச்சில் இருக்கின்றன. ஆகவே ஊகத்துக்கு இடமில்லாமல் பேசலாம்.

பகலில் காப்பகத்தில் நர்சிங் டைரக்டர் இருக்கிறார், கணக்கர் இருக்கிறார், டாக்டர் வந்து போகிறார். இரவில்? 1987ல் அமெரிக்கா இயற்றிய சட்டம் என்ன சொல்கிறது? முழுப் பயிற்சி பெற்ற ரிஜிஸ்டர்டு நர்சு ஒரு நாளில் 8 மணி நேரம் இருந்தால் போதும். மற்ற 16 மணி நேரத்துக்கு, சுமார் ஒரு வருடப் பயிற்சி பெற்ற லைசென்ஸ் நர்சு பொறுப்பு வகிக்கலாம். அவருக்குக் கீழே வேலை செய்யும் உதவியாளருக்கு அந்தச் சட்டம் விதித்த குறைந்தபட்சப் பயிற்சி 75 மணி நேரம்.

பரீட்சையில் தேறி வந்த புதுப்பெண் அந்த இரவில் என்ன செய்யவேண்டும்? போகிற நர்சிடமிருந்து ஒவ்வொரு நோயாளியின் நிலையையும் கேட்டு வாங்கவேண்டும். வலிக்குக் கொடுக்கும் கடும் மருந்துகளை இருவரும் சேர்ந்து எண்ணி, கையெழுத்துப் போட்டு, சாவியை வாங்கவேண்டும். மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு கட்டில் கட்டிலாகப் போகவேண்டும். நீரிழிவுக்காரருக்குச் சர்க்கரை இறங்கி வியர்த்தால் கண்டுபிடிக்கவேண்டும். இருட்டில் கக்கூசுக்குப் போகும் கிழவர் வழுக்கி விழுந்தால் ஓடவேண்டும். மூச்சு முட்டுகிறவருக்கு டாக்டரைப் போனில் எழுப்ப வேண்டுமா, நேரே ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டுமா என்று அங்கேயே, தனியாக, முடிவு செய்யவேண்டும். யாராவது கண் மூடினால் உடம்பைத் துடைத்துக் கிடத்தி, பிள்ளைகளுக்குச் செய்தி சொல்ல வேண்டியவளும் அவளே. இவ்வளவையும் எழுதி வைக்கவும் வேண்டும். இதற்கு மேல், தன் தாய் வயதுள்ள உதவியாளர்களை வேலை வாங்கவேண்டும்!

இந்த வேலை முடியக்கூடியதுதானா? ஒரு கணக்குப் போடுவோம். இது எந்தக் காப்பகத்தின் கணக்கும் அல்ல. நாமே போட்டுப் பார்க்கும் கணக்கு. 40 நோயாளிகள், இரண்டு உதவியாளர்கள், 8 மணி நேர ஷிப்ட். ஒருவருக்கு 480 நிமிடம். இருவருக்கும் சேர்த்து 960 நிமிடம்.

40 பேரில் 25 பேர் தாமாகப் புரள முடியாதவர்கள் என்று வையுங்கள். அவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்கவேண்டும் என்பதுதான் பழக்கத்தில் உள்ள விதி. ஏன்? எலும்பு அழுத்துகிற இடத்தில் ரத்தம் ஓடாமல் தோல் செத்துவிடும். இடுப்பிலும் குதிகாலிலும் புண் விழும். அது எலும்புவரை போய்ச் சீழ் பிடித்தால் ஆளையே கொன்றுவிடும். ஆகவே ஒரு ஷிப்டில் நான்கு தடவை. மொத்தம் 100 தடவை. தடவைக்கு ஐந்து நிமிடம் என்றால் 500 நிமிடம். கனத்த உடம்பைப் புரட்ட இரண்டு பேர் வேண்டும். 500 இரண்டு என்றால் 1,000 நிமிடம். கையிலிருப்பதோ 960! தண்ணீர் கொடுக்கவில்லை, நனைந்த துணி மாற்றவில்லை, மணி அடித்தவரிடம் போகவில்லை. அதற்குள்ளாகவே 40 நிமிடம் கடன்.

இந்தக் கடனை யார் தலையில் கட்டுவது? மூன்று வழிதான். ஓர் உதவியாளர் தனியாகப் புரட்டுவார். அவர் இடுப்பு போகும். அல்லது புரட்டாமல் விடுவார்கள். நோயாளிக்குப் புண் விழும். அல்லது நர்சு மருந்து வண்டியை நிறுத்திவிட்டுக் கை கொடுப்பாள், மருந்து தாமதமாகும். மூன்றில் எது நடந்தாலும் காலையில் ரிஜிஸ்டரில் ஏறும் வார்த்தை ஒன்றே: “கவனக்குறைவு!” ஆள் போடாதவன் பெயர் எந்த ரிஜிஸ்டரிலும் ஏறாது.

இது அந்நாட்டு சர்க்காருக்குத் தெரியாதா? தெரியும். 2001ல் சர்க்காருக்காக நடந்த ஆராய்ச்சியே, ஒரு நோயாளிக்கு ஒரு நாளில் சுமார் 4.1 மணி நேர நர்சிங் உழைப்பு வேண்டும் என்று சொல்லிவிட்டது. 2020ல் கொரோனா வந்தபோது இந்தக் காப்பகங்களில்தான் சாவு குவிந்தது. ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமானோர் மாண்டனர். 2024 மே மாதத்தில் ஒரு விதி போட்டார்கள்: நோயாளிக்கு 3.48 மணி நேரம். இரவும் பகலும் ஒரு ரிஜிஸ்டர்டு நர்சு. ஆராய்ச்சி சொன்னதைவிடக் குறைவுதான். அதுவும் பிழைக்கவில்லை. காப்பக முதலாளிகளின் சங்கம் கோர்ட்டுக்குப் போயிற்று. 2025 ஏப்ரலில் டெக்சாஸ் கோர்ட்டு அந்த விதியின் முக்கிய பகுதிகளை ரத்து செய்தது. அதே வருடம் ஜூலையில் நிறைவேறிய சட்டம், 2034 வரை அதை அமல் செய்யக்கூடாது என்று தடுத்துவிட்டது.

சரி, நர்சுகள் வாய் திறந்து கேட்கக்கூடாதா? கேட்டார்கள் தோழர்களே! கேட்டதற்கு என்ன கிடைத்தது என்பதுதான் முக்கியமான பாடம்.

ஓஹையோ மாநிலத்தில் அர்பானா என்று ஒரு சிறிய ஊர். அங்கே ஒரு காப்பகம். ஒன்பது முதல் பதினொரு நர்சுகள். அவர்களுக்குக் கீழே 50 முதல் 55 உதவியாளர்கள். மாலை 5 மணிக்குமேலும், சனி ஞாயிறு முழுதும், நர்சுகளுக்கு மேலே ஆளில்லை. அந்த நர்சுகளில் சிலர் கம்பெனியின் தலைமை ஆபீசுக்கே போனார்கள். என்ன கேட்டார்கள்? ஆள் போதவில்லை என்றார்கள். உதவியாளர்களுக்குக் கொடுக்கும் கூலி குறைவு என்றார்கள். கவனியுங்கள்: தங்களுக்குக் கீழே வேலை செய்கிறவரின் கூலிக்காகவும் பேசினார்கள்! பிறகு நான்கு நர்சுகள்மீது நிர்வாகம் ஒழுங்கு நடவடிக்கை எடுத்தது. விவகாரம் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று.

1947ல் அமெரிக்காவில் ‘டாப்ட்-ஹார்ட்லி’ சட்டம் வந்தது. மேற்பார்வையாளருக்குத் தொழிற்சங்கப் பாதுகாப்பு கிடையாது என்றது அது. வேலைக்கு எடுப்பது, நீக்குவது, தண்டிப்பது, வேலையைப் பங்கிடுவது, பொறுப்போடு நடத்துவது என்று பன்னிரண்டு அதிகாரங்களை அடுக்கியது. அதில் ஒன்றை முதலாளியின் நலனுக்காக, சொந்த யோசனையோடு, ஒருவர் செலுத்தினால் போதும், அவர் மேற்பார்வையாளர். தொழிலாளர் விவகார போர்டு, “நர்சு உதவியாளரை ஏவுவது நோயாளியின் நலனுக்காக, முதலாளியின் நலனுக்காக அல்ல” என்று வாதாடியது. 1994ல் கோர்ட்டு என்ன சொன்னது? நோயாளியைப் பார்ப்பதுதான் அந்த முதலாளியின் தொழில். ஆகவே அதுவும் முதலாளியின் நலனே என்றது! ஐந்து நீதிபதிகள் ஒரு பக்கம், நான்கு பேர் மறுபக்கம். ஒரே ஒரு வோட்டில் இரவு நர்சின் தலையில் மேற்பார்வையாளர் தொப்பி ஏறியது. கையிலிருந்த சங்கப் பாதுகாப்பு போயிற்று.

2006 செப்டம்பரில் அதே போர்டு ஒரே நாளில் இரண்டு தீர்ப்பு சொன்னது. மிச்சிகன் மாநிலத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நிரந்தரமாக இன்சார்ஜ் பார்க்கும் நர்சுகள் மேற்பார்வையாளர்களே என்றது. மின்னசோட்டா மாநிலத்தில் ஹிப்பிங் என்ற இரும்புச் சுரங்க ஊர். அங்குள்ள காப்பகத்து இன்சார்ஜ் நர்சுகள் மேற்பார்வையாளர்கள் அல்ல என்றது. ஏன்? ஆள் குறைந்தால் அவர்கள் உதவியாளரை வரும்படி கேட்கலாம். வந்தே தீரவேண்டும் என்று உத்தரவிட முடியாது. கேட்பது வேறு, கட்டளையிடுவது வேறு என்று கண்டது போர்டு. அந்த நர்சுகளுக்குப் பட்டம் இருந்தது, அதிகாரம் இல்லை. அந்த உண்மையே அவர்கள் உரிமையைக் காத்தது.

நமக்கும் இது தூரத்துச் சங்கதி அல்ல. நம் நாட்டில் 1947ம் வருடத்துத் தொழில் தகராறுச் சட்டமும் மேற்பார்வையாளருக்குச் சம்பள வரம்பு போட்டது. 2010 முதல் அது மாதம் 10 ஆயிரம் ரூபாய். 2025 நவம்பர் 21ல் அமலுக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பில் 18 ஆயிரம். அதற்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளர் சட்டத்தின் கண்ணில் தொழிலாளி அல்ல. ஆகவே ‘இன்சார்ஜ்’ என்ற பட்டம் வரும்போது நம் பெண் மகிழட்டும். கூடவே எழுத்தில் என்ன இருக்கிறது என்று படித்தும் பார்க்கட்டும்.

நான் நர்சு அல்ல. இருந்தாலும், இதுவரை சொன்னதிலிருந்து அவளுக்கு ஐந்து விஷயம் கிடைக்கிறது.

ஒன்று: எண்ணாமல் சாவி வாங்கக்கூடாது. மருந்தை மட்டுமல்ல, ஆளையும் எண்ணவேண்டும். இத்தனை நோயாளி, இத்தனை உதவியாளர் என்று ஷிப்ட் தொடக்கத்திலேயே மணி போட்டு எழுதவேண்டும்.

இரண்டு: ஆள் குறைந்தால் உடனே மேலே சொல்லவேண்டும். யாரிடம், எத்தனை மணிக்குச் சொன்னேன், என்ன பதில் வந்தது என்றும் எழுதவேண்டும். வாயால் சொன்னது விடிந்தால் காற்றோடு போகும்.

மூன்று: சந்தேகம் வந்தால் டாக்டரை எழுப்பத் தயங்கக்கூடாது. அவர் தூக்கம் கெட்டால் ஒரு திட்டு. நோயாளி நிலை கெட்டால் ஓர் உயிர்.

நான்கு: செய்யாததைச் செய்ததாக எழுதவே கூடாது. புரட்டாத நோயாளியைப் புரட்டியதாகக் கையெழுத்துப் போட்டால் நோயாளிக்கும் துரோகம். ஆள் பற்றாக்குறையை மறைத்து முதலாளிக்கும் உபகாரம்.

ஐந்து: உதவியாளரிடம் மேஸ்திரி வேஷம் கட்டக்கூடாது. எந்தக் கிழவர் எந்த நேரத்தில் எழுந்திருப்பார், எந்தப் பாட்டி இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்பது பல வருடம் கூட இருந்த அந்த அக்காவுக்குத்தான் தெரியும். “நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் அக்கா?” என்று கேட்பதால் நர்சின் மதிப்பு குறையாது, நோயாளி பிழைப்பார். மருந்து வண்டியை விட்டுவிட்டு இரண்டு நிமிடம் கை கொடுத்தால் அந்த அக்கா மறக்கமாட்டாள்.

உங்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் தாயோ தகப்பனோ ஆஸ்பத்திரியில் கிடந்து முதுகில் புண் விழுந்தால் கோபம் வரும், நியாயமான கோபம். ஆனால் கையில் அகப்பட்ட நர்சின்மீது பாய்வதற்கு முன்னால் கேளுங்கள்: “ராத்திரி இத்தனை பேருக்கு எத்தனை பேர் இருந்தீர்கள்?” அந்தக் கேள்வியை நர்சிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, நிர்வாகத்திடம் எடுத்துக்கொண்டு போங்கள். நர்சு தனியாகக் கேட்டால் வேலை போகலாம். உதவியாளரும் நர்சும் நோயாளியின் குடும்பமும் சேர்ந்து கேட்டால், ஆள் போடாமல் தப்புவது எளிதல்ல.

அர்பானா நர்சுகள் வழக்கில் தோற்றார்கள். ஆனால் அவர்கள் கேட்டது நியாயம். அந்த நியாயத்தை நம் பெண்களுக்கு முதல் ராத்திரிக்கு முன்பே சொல்லி அனுப்புவோம்.