அரை மணி நேரம் முன்னாடி உள்ள போறது

திருவொற்றியூர்ல இருந்து பேசுறேன். பின்னாடி ட்ரெய்லர் சத்தம் கேட்டா எடிட்டிங் தப்புன்னு நினைச்சுக்காதீங்க, எங்க தெரு அப்படித்தான்.

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் கேட்ட கேள்வி: "ப்ரோ, தீம் பார்க் போனா பாதி நாள் க்யூலயே போயிடுது, இதுக்கு ஒரு வழி சொல்லுங்க." சொல்றேன். ஆனா எனக்கு இதுல ஒரு சொந்தக் கதை இருக்கு. முதல்ல அதைச் சொன்னாதான் கணக்கு புரியும்.

எங்க அக்கா அமெரிக்காவுல டாம்பாவுல இருக்காங்க. 2025 செப்டம்பர்ல எங்க அம்மாவும் நைனாவும் முதல் தடவையா அவங்க வீட்டுக்குப் போனாங்க. டாம்பாவுல இருந்து ஆர்லாண்டோவுக்கு கார்ல ஒன்றரை மணி நேரம். அங்கதான் வால்ட் டிஸ்னி வேர்ல்ட். 1971-ல திறந்தது. ஒரு பார்க் இல்ல, நாலு பார்க்: மேஜிக் கிங்டம், எப்காட், ஹாலிவுட் ஸ்டூடியோஸ், அனிமல் கிங்டம். அக்கா பொண்ணுக்கு ஆறு வயசு. தாத்தா ஆயாவோட போகணும்னு அடம்.

நைனா ஒரே வார்த்தைல முடிச்சுட்டார். "நீங்க போயிட்டு வாங்க. நான் க்யூல நிக்க வர மாட்டேன்."

நம்ம பக்கத்துப் பசங்களுக்கு இது உடனே புரியும். நைனா 26 வருஷம் கண்டெய்னர் ட்ரெய்லர் ஓட்டினவர். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்ல வண்டி வரிசை கிலோமீட்டர் கணக்குல நின்ன காலம் அது. வண்டியிலயே சமைச்சு, வண்டியிலயே தூங்கி, பத்து அடி நகர்ந்து, திரும்ப இன்ஜினை ஆஃப் பண்ணி... நான் ஸ்கூல் போகும்போது அவர் வண்டி நின்ன இடத்துக்கும், ஸ்கூல் விட்டு வரும்போது நின்ன இடத்துக்கும் நடுவுல நாலு தந்திக் கம்பம்தான் தூரம் இருக்கும். அந்த மனுஷன்கிட்ட போய், "நைனா, பொம்மை ரயிலுக்கு ஒரு மணி நேரம் நில்லு"ன்னு எப்படிச் சொல்றது?

அக்கா போன் பண்ணாங்க. "டேய், நீதான் எக்செல் எல்லாம் போடுவியே, நைனா நிக்காம பாக்குற மாதிரி ஒரு ப்ளான் போட்டுக் கொடு." சரி, சவால் ஏத்துக்கிட்டேன்.

க்யூ எப்படி வேலை செய்யுது

முதல்ல க்யூவைப் புரிஞ்சுக்குவோம். ஜான் லிட்டில் 1961-ல நிரூபிச்ச ஒரு விதி இருக்கு. லிட்டில் விதின்னு சொல்வாங்க. சர்வர்ல ரிக்வெஸ்ட் க்யூ பத்தி பேசும்போது நாங்க ஆபீஸ்ல இதைத்தான் பிடிச்சுக்குவோம். எளிமையா சொன்னா: உனக்கு முன்னாடி எத்தனை பேர் நிக்குறாங்க, நிமிஷத்துக்கு எத்தனை பேர் உள்ள போறாங்க, இந்த ரெண்டு நம்பர் போதும். ஒரு ரைடு மணிக்கு 1,200 பேரை ஏத்துதுன்னு வச்சுக்குவோம். நிமிஷத்துக்கு 20 பேர். முன்னாடி 200 பேர் இருந்தா 10 நிமிஷம். 1,200 பேர் இருந்தா ஒரு மணி நேரம்.

ரைடோட வேகம் காலைல 9-க்கும் மதியம் 1-க்கும் ஏறக்குறைய ஒண்ணுதான். மாறுறது முன்னாடி நிக்குற தலைங்க எண்ணிக்கை மட்டும். அப்போ ஜெயிக்கணும்னா வேகமா நடக்கிறதுல பிரயோஜனம் இல்ல, கூட்டம் வர்றதுக்கு முன்னாடி அங்க இருக்கணும். இதை எங்க அம்மாகிட்ட சொன்னப்போ, "இதுக்கா இன்ஜினியரிங் படிச்ச?"ன்னு கேட்டாங்க. அம்மா காசிமேட்ல மீன் எடுத்து ராயபுரத்துல வித்தவங்க. விடியறதுக்கு முன்னாடி ஏலத்துல நின்னா ஒரு மீன், ஆறு மணிக்கு மேல கூறு கட்டி வச்ச இடத்துல நின்னா வேற மீன். அம்மாவுக்கு லிட்டில் விதி தெரியும், லிட்டிலைத்தான் தெரியாது.

காலை அரை மணி, ராத்திரி ரெண்டு மணி

இப்போ டிஸ்னி விஷயம். அங்க சொந்த ஹோட்டல்கள் நிறைய இருக்கு. அதுல தங்குறவங்களுக்கு, பார்க் திறக்கிறதுக்கு 30 நிமிஷம் முன்னாடி உள்ள விடுவாங்க. எல்லா நாளும், நாலு பார்க்லயும். 2021 அக்டோபர்ல இருந்து இப்படி.

அதுக்கு முன்னாடி, 2020 வரைக்கும் வேற முறை இருந்துச்சு. ஒரு நாளைக்கு ஏதோ ஒரு பார்க்ல மட்டும், காலைல ஒரு மணி நேரம் முன்னாடி, இல்லன்னா ராத்திரி ரெண்டு மணி நேரம் வரைக்கும் கூடுதலா. கேட்க நல்லா இருக்குல்ல? ஆனா யோசிங்க. ஹோட்டல்ல இருக்குறவங்கள்ல பெரிய பங்கு அன்னிக்கு அந்த ஒரே பார்க்குக்குப் போவாங்க. காலைல ஒரு மணி நேரம் சுகம், அப்புறம் நாள் முழுக்க அங்கதான் நெரிசல். சலுகையே கூட்டத்தை இழுத்துட்டு வந்துடும். லோடு பேலன்சிங் பண்ணாம ஒரே சர்வருக்கு எல்லாரையும் அனுப்புற மாதிரி. நாலு பார்க்லயும் அரை மணின்னு மாத்தினப்போ நேரம் குறைஞ்சுது, ஆனா கூட்டம் பிரிஞ்சுது.

ராத்திரி சலுகை தனி. பார்க் மூடினதுக்கு அப்புறம் ரெண்டு மணி நேரம், சில நாள் மட்டும், சில பார்க்ல மட்டும். அதுவும் டீலக்ஸ்னு சொல்ற விலை கூடின ஹோட்டல்ல தங்குறவங்களுக்கு மட்டும். காலை அரை மணிக்கு அந்தப் பாகுபாடு இல்ல. அவங்களோட மலிவான ஹோட்டல்ல தங்கினாலும் போதும்.

இங்கதான் என் எக்செல் ஷீட்டுக்கு ஒரு வேலை வந்துச்சு. மலிவுன்னாலும், வெளியில இருக்குற ஹோட்டலை விட எங்களுக்கு ரெண்டு மடங்கு கிட்ட வந்துச்சு. ஆனா ஒரு விஷயம் கண்ணுல பட்டுது: செக்-இன் நாள், செக்-அவுட் நாள், ரெண்டு நாளுமே காலைல முன்னாடி போகலாம். அப்போ ஒரு ராத்திரி வாடகைக்கு ரெண்டு காலை. டாம்பாவுல இருந்து விடிகாலைல கிளம்பி நேரா பார்க்குக்குப் போயிடலாம், ரூமை அப்புறம் எடுத்துக்கலாம். ஓகே, புக் பண்ணியாச்சு.

ராத்திரி சலுகைக்காக டீலக்ஸ் எடுக்கலாமான்னு அக்கா கேட்டாங்க. வேணாம்னேன். காரணம் ஜெட் லேக். ஆர்லாண்டோ நேரம் செப்டம்பர்ல நம்மளை விட ஒன்பதரை மணி நேரம் பின்னாடி. இங்க இருந்து போனவங்க முதல் வாரம் ராத்திரி ரெண்டு மணிக்கே எழுந்து உட்கார்ந்திருப்பாங்க, சாயங்காலம் ஏழு மணிக்கு சாப்பாட்டுத் தட்டு முன்னாடியே தூங்குவாங்க. எல்லாரும் இதை ஒரு தொல்லையா பாக்குறாங்க. எனக்கு இது வரப்பிரசாதம். போன நாலாவது நாளே பார்க் போயிடணும்னு சொல்லிட்டேன்.

நாளையும் தேர்ந்தெடுத்தோம். செப்டம்பர்ல அங்க ஸ்கூல் திறந்துடும், கூட்டம் குறையும். அதோட மேஜிக் கிங்டம்ல சில நாள் ஹாலோவீன் பார்ட்டி நடக்கும், அதுக்குத் தனி டிக்கெட். அந்த நாள்ல சாதாரண டிக்கெட்காரங்க சாயங்காலம் ஆறு மணிக்கு வெளிய வந்துடணும். வாணவேடிக்கை கிடைக்காதுன்னு நிறைய பேர் அன்னிக்கு வர மாட்டாங்க. ஏழு மணிக்குத் தூங்குறவருக்கு இதைவிட நல்ல நாள் எது? முதல் நாள் அங்க, ரெண்டாம் நாள் எப்காட்.

"நைனா, நிக்கவே வேணாம். நான் கியாரண்டி"ன்னேன். "நீ குடுத்த கியாரண்டியைப் பாத்திருக்கேன்"னார். ஆனா வந்தார்.

கண்ட்ரோல் ரூம்

அங்க காலை எட்டரை, இங்க சாயங்காலம் ஆறு மணி. நான் எங்க வீட்டு மொட்டை மாடில லேப்டாப்போட உட்கார்ந்திருக்கேன், வாட்ஸ்அப் வீடியோ கால் ஓடுது. அந்த அரை மணி நேரம் மேஜிக் கிங்டம்ல எல்லா இடமும் திறக்காது. ஃபேன்டசிலேண்ட், டுமாரோலேண்ட் ரெண்டு பகுதி மட்டும்தான். நான் போட்ட வரிசை: முதல்ல குள்ளர்களோட சுரங்க ரயில், அடுத்து பீட்டர் பேன், அப்புறம் வின்னி த பூ, கடைசியா இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட் படகு. நடக்கிற நேரம் கூட நிமிஷக் கணக்குல போட்டிருந்தேன்.

முதல் அஞ்சு நிமிஷத்துலயே ப்ளான் கெட்டுப் போச்சு. அம்மா கோட்டை முன்னாடி நின்னுட்டாங்க. நகரல. நான் போன்ல கத்துறேன், "அக்கா, நடங்க, நடங்க, ரெண்டு நிமிஷம் லேட்டு!" அக்கா கேமராவைத் திருப்பினாங்க. அகலமான தெரு, ஆள் இல்ல, அந்த நேரத்து வெயில், அம்மா கழுத்தைத் தூக்கிப் பாத்துட்டு நிக்குறாங்க. "இருடா, ஆயா பாக்கட்டும்"னு குட்டி சொல்லுது. என் ஷீட்ல பாக்குறதுக்குன்னு ஒரு வரி இல்ல. ஏழு நிமிஷம் போச்சு. வாயை மூடிக்கிட்டேன்.

அப்படியும் கணக்கு என்ன ஆச்சுன்னு சொல்றேன். நாலு ரைடுக்கு அவங்க நின்னது முறையே 15, 10, 5, 5 நிமிஷம். மொத்தம் 35. மதியம் ஒரு மணிக்கு அதே நாலு ரைடுக்கு போர்டுல காட்டினது 55, 50, 25, 15. மொத்தம் 145. அரை மணி முன்னாடி போனதுக்குக் கிடைச்சது ஒரு மணி 50 நிமிஷம். பத்தரைக்கெல்லாம் நைனா பெஞ்சுல உட்கார்ந்து ஐஸ்க்ரீம் சாப்பிடுறார். நடுமதியம் ரூமுக்குப் போய் ரெண்டு மணி நேரம் தூக்கம், திரும்ப நாலு மணிக்கு ஒரு ரவுண்டு, ஆறு மணிக்கு வெளிய. கியாரண்டி காப்பாத்தியாச்சு.

ரெண்டாம் நாள் எப்காட். காலைல முதல் ஆளா 'சோரின்'. சீட்ல தூக்கி உலகத்து மேல பறக்க விடுற மாதிரி திரைல காட்டினாங்க. நடுவுல தாஜ்மஹால் வந்துச்சு. "இதைப் பாக்க ஆக்ராவுக்குக் கூட்டிட்டுப் போகல, இங்க கூட்டிட்டு வந்திருக்கீங்க"ன்னு அம்மா. அன்னிக்கு மதியம் நல்லா தூங்கினதால ராத்திரி ஒன்பது மணி வாணவேடிக்கை வரைக்கும் இருந்தாங்க. அன்னிக்கு டீலக்ஸ்காரங்களுக்கு ராத்திரி சலுகை இருந்த நாள். கூட்டம் வெளிய வருது, ஒரு சின்னக் கூட்டம் மட்டும் உள்ளயே நிக்குது. குட்டி கேட்டுச்சு, "நாம ஏன் போறோம், அவங்க ஏன் போகல?" அக்கா ஏதோ சமாளிச்சாங்க.

மறுநாள் நைனா எனக்குப் போன் பண்ணார். நான் பாராட்டு வரும்னு காத்துட்டு இருந்தேன்.

"நல்லாதான்டா இருந்துச்சு. கால் வலியே இல்ல. ஆனா ஒண்ணு. காலைல நாங்க உள்ள போறப்போ, அந்தப் பக்கம் கயிறு கட்டி ஒரு கூட்டத்தை நிறுத்தி வச்சிருந்தான் பாரு. அவங்களும் டிக்கெட் எடுத்தவங்கதானே? ஒருத்தர் என் வயசு இருக்கும், பேரனைத் தோள்ல தூக்கிட்டு நிக்குறார். எங்களைப் பாத்தார். ரோட்ல நான் நிக்கும்போது பக்கத்துல ஒரு வண்டி விர்ருனு போனா எப்படிப் பாப்பேனோ, அதே பார்வை."

எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. "நாம காசு கொடுத்தோம்ல நைனா"ன்னேன். "அந்த வண்டிக்காரனும் கொடுத்திருப்பான்"னார்.

லிட்டில் விதியைத் திரும்பப் பாருங்க. ரைடோட வேகம் மாறல. அப்போ எங்க வீட்டுக்கு மிச்சமான ஒரு மணி 50 நிமிஷம் காத்துல இருந்து வரல. கயிறுக்கு அந்தப் பக்கம் நின்னவங்களோட வரிசைல கொஞ்சம் கொஞ்சமா கூடியிருக்கு. டிஸ்னில 1999-ல இருந்து 2020 வரைக்கும் காத்திருக்காம போற ஃபாஸ்ட்பாஸ் எல்லாருக்கும் இலவசம். இப்போ அதே வசதிக்கு லைட்னிங் லேன்னு தனியா காசு. உலகம் அந்தப் பக்கம்தான் போயிட்டு இருக்கு. இனிமே போகாதீங்கன்னு நான் சொல்லல, எங்க நைனா முட்டிக்காக நான் இன்னொரு தடவையும் அதே ரூமைத்தான் புக் பண்ணுவேன். ஆனா "ஹேக் பண்ணிட்டேன்"னு பீத்திக்க மாட்டேன்.

நம்ம ஊர்ல

சரி, நம்ம விஷயத்துக்கு வருவோம். 2025 டிசம்பர்ல ஓ.எம்.ஆர். பக்கம் திருப்போரூர் கிட்ட வொண்டர்லா திறந்திருக்காங்க. விம்கோ நகர்ல இருந்து 50 கிலோமீட்டருக்கு மேல. சென்னைல தீம் பார்க்னா பெரும்பாலும் தெற்குப் பக்கம்தான், அதனால நமக்கு முதல் க்யூ ரோட்லயே ஆரம்பிச்சுடுது. அதனால காசு இல்லாம செய்யக்கூடிய நாலு விஷயம் சொல்றேன்.

ஒண்ணு, முடிஞ்சா வாரநாள், ஸ்கூல் இருக்குற நாள். ஒரு நாள் லீவு போடுறது எந்த ஃபாஸ்ட் ட்ராக் டிக்கெட்டை விடவும் பெருசு.

ரெண்டு, பார்க் திறக்கிற நேரத்துக்குக் கேட்ல இருங்க. திறக்கிற நேரத்துக்கு வீட்ல கிளம்பாதீங்க. உள்ள போனதும் நுழைவாயில் பக்கத்துல இருக்குற ரைடுல விழாம, நீங்க கண்டிப்பா ஏறணும்னு நினைக்கிறதுக்கு முதல்ல போங்க.

மூணு, எல்லாரும் சாப்பிடும்போது ரைடு, எல்லாரும் ரைடு போகும்போது சாப்பாடு. பன்னிரண்டுக்கு முன்னாடியோ, ரெண்டரைக்கு மேலயோ சாப்பிடுங்க.

நாலு, கடைசி ஒரு மணி நேரத்தை வீணாக்காதீங்க. குழந்தைங்களோட வந்தவங்க கிளம்பிட்டு இருப்பாங்க. டிஸ்னில மூடுற நேரத்துக்குள்ள வரிசைல நின்னுட்டா ஏத்திட்டுதான் அனுப்புவாங்க. இங்க ஒவ்வொரு பார்க்லயும் கடைசி ரைடு எத்தனை மணிக்குன்னு காலைலயே கேட்டு வச்சுக்குங்க.

அஞ்சாவதா ஒண்ணு, இது அம்மாவோடது. ப்ளான்ல ஏழு நிமிஷம் சும்மா நிக்குறதுக்கு விட்டு வைங்க.

ஊருக்கு வந்ததும் அம்மாகிட்ட எது ரொம்பப் பிடிச்சுதுன்னு கேட்டேன். ரைடு பேர் ஒண்ணும் சொல்லல. "அந்தத் தெருல யாருமே இல்லாம இருந்துச்சு பாரு, அது"ன்னாங்க.

அடுத்த வாரம் பாப்போம் மக்களே. ட்ரெய்லர் ஒண்ணு ஹார்ன் அடிக்குது, நிறுத்திக்குறேன்.